வெள்ளரித் துண்டும் குங்குமச் சிமிழும்

ஜூன் 8

காலையில் மீன்தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போனால், ஃபில்டர் குழாயைச் சுற்றி மட்டும் முப்பதுக்கு மேல் நத்தைகள். மிளகளவில் சில, கடுகளவில் பல. போன மாதம் கொளத்தூரில் ஒரு கட்டு வாலிஸ்னேரியா வாங்கி வந்து, குழாயடியில் ஓர் அலசு அலசிவிட்டு நட்டேன். அதில்தான் வந்திருக்கும். தொட்டி இரண்டடி. கப்பி பதினான்கு, சிவப்பு இறால் ஆறு. ஒவ்வொன்றுக்கும் மகள் பெயர் வைத்திருக்கிறாள். ஒன்றுகூடச் சாகக் கூடாது.

ஜூன் 9

இலையின் அடியில் கூழ்போல ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மகளின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். வெந்த ஜவ்வரிசி மாதிரியான அந்தக் கூழுக்குள் இருபது புள்ளிகளாவது இருக்கும். சில புள்ளிகள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு வாரத்தில் அத்தனையும் பொரிந்துவிடும். ஜோடிகூடத் தேவையில்லை, இருபாலுறுப்பும் ஒரே உடலில் உண்டு, ஒற்றை நத்தை தானே கருவுற்று முட்டையிடும்.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கூர்முனை மேலே, வாய் என்னைப் பார்க்க இருக்கும்படி பிடித்தால் வாய் இடப்பக்கம் இருக்கிறது. சங்கில் நாம் வலம்புரி என்று கொண்டாடுவதும் இதே சுழற்சிதான். லட்சத்தில் ஒன்று என்று அதைத் தேடுகிறோம். இந்தச் சாதியில் பிறப்பதெல்லாம் அப்படித்தான். ஃபைசா அகூட்டா என்று பெயர். வட அமெரிக்காவிலிருந்து கிளம்பி உலகமெங்கும் பரவிவிட்டது.

ஜூன் 10

மீன் கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் காட்டி, "நாலு சொட்டு விடுங்க சார், காலையில எல்லாம் க்ளீன்" என்றார். மயில்துத்தக் கரைசல். செம்பு நத்தையைக் கொல்லும், சந்தேகமில்லை. இறாலையும் கொல்லும். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான நத்தைகள் மணலுக்குள் செத்து அழுகினால் அம்மோனியா ஏறி மீனும் போகும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நண்பர் குட்டிப் பஃபர் மீன் விடச் சொன்னார். கேரளத்து மேற்கு மலை ஆறுகளில் பிறந்த மீன். பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. நத்தைதான் அதற்கு விருந்து. ஆனால் கப்பியின் வாலையும் கடித்துக் குதறும். ஆற்றிலேயே குறைந்து வருகிற மீனை என் நத்தைக்காகப் பிடித்துவர மனம் ஒப்பவில்லை.

ஜூன் 12

நேற்றிரவு வெள்ளரி வில்லை ஒன்றை வெந்நீரில் முக்கியெடுத்து, மிதக்காமலிருக்க ஸ்பூனில் குத்தித் தொட்டிக்குள் இறக்கினேன். விடிந்து பார்த்தால் பச்சையே தெரியவில்லை, அவ்வளவு நத்தை. எண்ணினேன்: 61. சாக்கடையிலோ குளத்திலோ கொட்டுவது தவறு. அங்கே போய்ப் பெருகும். நசுக்கிக் கறிவேப்பிலைத் தொட்டி மண்ணில் புதைத்தேன். கொல்வது வருத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 15

58, 63, 60. மூன்று நாளும் குறையவே இல்லை. எடுக்க எடுக்க வருகிறதென்றால் எங்கிருந்தோ சோறு கிடைக்கிறது.

மதியம் விடை கிடைத்தது. அம்மா தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சிட்டிகை தீவனம் போடுகிறாள். "வாயத் தொறந்து தொறந்து மூடுதுடா, பசிக்காதா?" என்கிறாள். காலையில் நான், மாலையில் மகள், நடுவில் அம்மா. மீன் தின்றது போக மீதி மணலில் இறங்குகிறது. நத்தைக்கு அதுதான் சோறு.

அம்மாவிடம் கோபிக்க முடியுமா? வீட்டில் யார் வந்தாலும் முதலில் சாப்பிடச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். பழைய குங்குமச் சிமிழ் ஒன்றைக் கழுவிக் கொடுத்தேன். "இனிமே சாப்பாடு போடறது நீ மட்டும்தாம்மா. காலையில இந்தச் சிமிழ்ல பாதி. ஞாயிற்றுக்கிழமை விரதம்." விரதம் என்றதும் தலையாட்டிவிட்டாள்.

ஜூன் 16

சைபன் குழாயால் மணலை உறிஞ்சினேன். இரண்டு வாளித் தண்ணீர். அடியில் ரசத்து மண்டி போலக் கழிவு. உள்ளே ஊசிபோல நீண்ட ஓடுள்ள நத்தையும் நாலைந்து. அவை குட்டி போடுகிற இனம், பகலில் மணலுக்குள் புதைந்திருக்கும். மணலைக் கிளறிவிடுவதால் அவற்றை விட்டுவிட்டேன்.

ஜூன் 24

வெள்ளரியில் 34. இலையடி முட்டைகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். தண்ணீர் தெளிந்திருக்கிறது.

ஜூலை 5

19. ஒரு பெண் கப்பி குட்டி போட்டிருக்கிறது. பாதிச் சிமிழில் ஒருவரும் இளைக்கவில்லை என்று அம்மாவே சொன்னாள்.

ஜூலை 12

புதிதாக வாங்கிய செடியைப் படிகாரத் தண்ணீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, அலசி, பால்கனி வாளியில் போட்டேன். படிகாரத்துக்கு முட்டை எல்லாம் சாகாது, அதனால்தான் வாளி.

ஜூலை 19

வெள்ளரியில் 7. முற்றாக ஒழியாது, ஒழிய வேண்டியதும் இல்லை. பாசி தின்ன ஏழெட்டு இருக்கட்டும். பால்கனி வாளியில் இன்று இரண்டு குஞ்சு நத்தைகள் தென்பட்டன. அந்தச் செடி இன்னும் இரண்டு வாரம் வாளியிலேயே இருக்கும்.