மார்கழிக் காற்றும் மலைப் பனியும்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் சங்கத்து அன்பர்கள் பலர், பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரையுள்ள எல்லைப்புற மலைகளையும் ஒரு முறை கண்டுவர விழைகின்றனர். அவர்கள் நம்மிடம் முதலில் கேட்பது, "அங்கே குளிர் எவ்வாறு இருக்கும்?" என்பதே. இவ்வினாவிற்கு ஒற்றை விடை கிடையாது. செய்தித்தாள் ஒரு மாவட்டத்துக்கு ஓர் எண்ணைத் தருகிறது. மலையோ பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறொன்றைத் தருகிறது. சென்ற மார்கழியில் நாம் கோவையிலிருந்து புறப்பட்டு, வாளையாறு வழியாகப் பாலக்காடு சென்று, பின்னர்ப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர், மூணாறு என ஏறி, போடிமெட்டு வழியாக இறங்கினோம். கண்டவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கு எழுதுகிறோம்.

வாளையாற்றைத் தாண்டியதும் நம்மை எதிர்கொண்டது குளிரன்று, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியோடும் தெற்கே ஆனைமலையோடும் விலகி நிற்க, இடையே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாயில் திறந்து கிடக்கிறது. ஆனி ஆடியில் இவ்வாயில் வழியாகவே மேல்காற்று கோவைக்குள் புகுகிறது. கார்த்திகையில் திசை மாறிவிடும். வடகிழக்கிலிருந்து புறப்பட்ட காற்று தமிழ்நாட்டுச் சமவெளியைக் கடந்து, இருபுறமும் மலைகள் நெருக்குவதால் வேகம் மிகுந்து மேற்கே பாய்கிறது. திருவாதிரையையொட்டி வீசுவதால் மலையாளத்தார் இதனைத் திருவாதிரைக் காற்று என்பர். உதடு வெடிக்கும், உலர்த்திய வேட்டி நொடியில் காய்ந்து, நாம் பிடிக்குமுன் அடுத்த வீட்டு வேலியில் போய் அமரும். இரவெல்லாம் பனையோலைகளின் சலசலப்பு ஓய்வதில்லை. பகலில் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் இருப்பதால், கம்பளிச் சட்டையுடன் வந்திறங்குவோர் வியர்த்துத்தான் போவர். மூச்சிரைப்பு உள்ள முதியோரை அழைத்துச் செல்வோர் தூசிக்கும் காற்றுக்கும் ஆயத்தமாயிருத்தல் நலம்.

இக்காற்று வயலையும் உலர்த்திவிடும். இரண்டாம் போகம் வயலில் நிற்கும் காலம் அது. பாலக்காடு சென்னை இராச்சியத்தோடு இருந்த 1955-ஆம் ஆண்டில் காமராசர் திறந்துவைத்த மலம்புழை அணையின் நீர், அந்த நாட்களில் எவ்வளவு வேண்டப்படுவது என்பதை அங்குள்ள உழவர் வாயிலாகக் கேட்கவேண்டும்.

உடுமலையிலிருந்து தெற்கே சின்னாற்றுக் காட்டுக்குள் நுழைந்தால், கேரளம் என்றதும் மனத்தில் எழும் பசுமை காணப்படாது. முட்செடியும் கள்ளியுமே மிகுதி. தென்மேற்குப் பருவமழையை உயர்ந்த சிகரங்கள் மேற்கிலேயே வாங்கிக்கொள்வதால், சின்னாறும் மறையூரும் மழை மறைவில் கிடக்கின்றன. சின்னாற்றுக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வருவதுதான். கேரளத்தின் 44 ஆறுகளில் மூன்றே கிழக்கு நோக்கி ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றான பாம்பாறு இவ்வழியே இறங்கி அமராவதியில் சேர்கிறது. மறையூரில் பெய்யும் மழை காவிரிக்கு உரியது என்று அறிந்தபோது நமக்கு வியப்பே உண்டாயிற்று. சந்தன மரங்களும், கரும்பு வயல்களும், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும் அவ்வூரின் அடையாளங்கள். மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆகவே இப்பக்கம் செல்ல நாள் குறிப்போர், கேரளக் கடலை நோக்காமல் வங்கக் கடலை நோக்குதல் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயல், வலுவிழந்து மேற்கே நகர்ந்து, கேரளத்தையும் கடந்து அரபிக் கடலில் இறங்கியது. பசிபிக் மாகடல் வெதும்பும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மிகுதியாயிருக்கும். லா நினா ஆண்டுகளில் குறைவதுண்டு. டிசம்பர் நடு வரையில் மலைப்பாதையில் மண்சரிவு குறித்த எச்சரிக்கைகளைக் கேட்டபின்னரே வண்டியை ஏற்றுதல் நலம்.

மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயர்ந்த இடம் குளிரும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் கடுங்குளிர் மலையுச்சியில் அன்று, பள்ளத்தில் தங்குகிறது என்பதைப் பலர் அறியார். மேகமில்லாத, காற்றசையாத இரவில் பூமி தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. ஆகையால் அது நீர் போலச் சரிவில் வழிந்து அடிப்பள்ளத்தில் தேங்கும். மேகம் இருந்தாலோ போர்வை போர்த்தியது போலாகும். எனவே மாலையில் வானம் தெளிந்து விண்மீன்கள் துலங்கினால், விடியலில் உறைபனியை எதிர்பார்க்கலாம். செண்டுவாரைப் பக்கம் ஒரு விடியலில் புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியது போல் வெளுத்திருந்தது. சற்று மேலேயுள்ள சரிவிலோ புல் பச்சையாகவே நின்றது. குழந்தைகளோடு தங்குவோர் பள்ளத்தில் உள்ள விடுதியைவிடச் சரிவில் உள்ளதைத் தேர்ந்துகொள்க.

2019 ஜனவரியில் இங்கே பல எஸ்டேட்டுகளில் குளிர் உறைநிலைக்கும் கீழே சென்றது. பனி காண வந்த கூட்டத்தால் சாலையில் வண்டி நகர இடமில்லை, விடுதிக்காரர் மகிழ்ந்தனர். அதே பனியில் தேயிலைச் செடிகள் கருகின. உறைந்த இலைமேல் காலை வெயில் பட்டதும் இலை பழுத்து, வெந்தது போலாகிவிடும். மீண்டும் கொழுந்து விட வாரக்கணக்கில் ஆகும். குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கென்று பெண்கள் பெறும் கூடுதல் காசு அவ்வாரங்களில் நின்றுபோகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்னாளில் மலையேறியோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த லயங்களில் வாழ்கின்றனர். நம்மோடு பேசிய மூதாட்டி ஒருவர், "பனி விழுந்தா உங்களுக்குப் படம், எங்களுக்குப் பாதிச் சம்பளந்தான் தம்பி" என்றார். நம் வாசகரில் சிலருக்கு அந்த லயங்களில் உறவினர் இருத்தலும் கூடும். பொங்கலுக்கு அவர்களைக் காணச் செல்வோர், புடவையோடு நல்ல கம்பளி ஒன்றையும் எடுத்துச் செல்வார்களாக.

போடிமெட்டில் இறங்குகையில் மூடுபனியால் வண்டிகள் பகலிலும் விளக்கேற்றிக்கொண்டு வந்தன. விடியுமுன்பே போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிவரும் ஜீப்புகளுக்கும் இதுவே பாதை.

தை கழிந்தபின் அபாயம் வேறு உருவம் கொள்ளும். பனியில் பட்ட புல் மாசியில் சருகாகிவிடும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் எவரேனும் காட்டுவழியாக அழைத்துச்செல்ல முன்வந்தால், வனத்துறையின் அனுமதிச் சீட்டைக் கண்ணால் கண்டபின் புறப்படுக. வரையாடுகள் குட்டி ஈனும் பருவமாதலால், இரவிகுளம் தேசியப் பூங்காவும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படுவது வழக்கம்.