ஷட்டரின் எடையைச் சுமப்பது யார்?



மதுரைத் தல்லாகுளத்தில் இப்போது வீடு கட்டுகிறவர்கள் பலரும் தரைத்தளத்தில் கார் நிறுத்த ஓர் அறையை ஒதுக்கி, அதற்கு இரும்பு ஷட்டர் போட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் அதனைக் கராஜ் கதவு என்பர். நம் ஊர்வழக்கில் கடைக்குப் போட்டாலும் கார் அறைக்குப் போட்டாலும் அது ஷட்டர்தான். வாசலின் தேக்குக் கதவைத் துடைத்து மெருகேற்றுகிற குடும்பங்கள்கூட, ஏறத்தாழ நூறு கிலோ எடையைத் தலைக்குமேல் நிறுத்தி வைக்கும் இக்கதவை, அது சிக்கிக்கொள்ளும் நாள்வரை எண்ணிப் பார்ப்பதில்லை.

நூறு கிலோ என்பது மிகையன்று. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் ஷட்டர் பட்டைகளின் அளவு 80 மில்லிமீட்டர் அகலம், 1.25 மில்லிமீட்டர் கனம். பத்தடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட ஒரு ஷட்டரை இத்தகைய பட்டைகளைக் கோத்துச் செய்தால் எடை நூறு கிலோவை ஒட்டியே வரும். மலிவுக்காக மெல்லிய தகட்டில் செய்தாலும் அறுபது எழுபது கிலோவுக்குக் குறையாது. அப்படியிருந்தும் ஒரு பெண்மணி ஒற்றைக் கையால் அதைத் தூக்கிவிடுகிறார். காரணம், மேலே தகட்டு மூடிக்குள் மறைந்திருக்கும் குழாயும், அதன்மீது பொருத்திய ஸ்பிரிங்குகளும். ஷட்டர் இறங்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. ஏறும்போது அந்த முறுக்கைத் திருப்பித் தருகிறது. எடையில் பெரும்பங்கை ஸ்பிரிங் சுமக்க, எஞ்சிய சிறு பங்கே நம் கைக்கு வருகிறது. ஸ்பிரிங் தன் பங்கைச் சுமக்க மறுக்கும் நாளில்தான் உண்மையான எடை தெரியவரும்.

நாம் பணிபுரியும் மதரஸாவுக்கு ஒரு வேன் உண்டு. அதன் கொட்டகை பள்ளிவாசலின் வக்ஃபு இடத்தில், வாடகைக் கடைகள் மூன்றை ஒட்டி அமைந்திருக்கிறது. வேன் ஓட்டும் பெரியவர் அறுபதைக் கடந்தவர். ஒரு கார்த்திகை மாதக் காலையில், சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், ஷட்டர் மேலே போகுது, ஆனா நிக்க மாட்டேங்குது. ஒரு பக்கமா இழுக்குது" என்றார். மக்தப் பிள்ளைகள் வருவதற்கு அரைமணி நேரமே இருந்தது. பாதி திறந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓடுவதைப்போல் பத்து வயதுப் பையன்களை ஈர்க்கும் விளையாட்டு வேறில்லை. உடனே ஷட்டரை முழுவதும் இறக்கிப் பூட்டினோம். முன்னால் இரண்டு பெஞ்சுகளைக் குறுக்கே போட்டோம். இன்று வேன் வராது, நீங்களே பிள்ளைகளை அழைத்து வாருங்கள் என்று பெற்றோருக்குத் தொலைபேசியில் சொன்னோம்.

மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினார். நான்கு ஸ்பிரிங்குகளில் இரண்டு முறிந்திருந்தன. முறிந்த முகத்தை அவர் நம் கையில் கொடுத்துக் காட்டினார். பாதி கறுத்த பழைய துரு. மறுபாதி வெள்ளிபோல் பளபளத்தது. பளபளத்த பாதி அன்று முறிந்தது. கறுத்த பாதி பல மாதங்களாக மெல்ல மெல்ல விரிந்துவந்த விரிசல். அல்ஹம்துலில்லாஹ், அடியில் எவரும் இல்லாத நேரத்தில் அது தெரியவந்தது.

மதுரையில் இரும்புக்கு வரும் கேடு கடற்கரையில் வருவதுபோன்றதன்று. பாம்பனில் 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றோடு போராடியது. 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கீழக்கரையில் வீடு வைத்திருப்போருக்கு அந்தக் காற்றின் குணத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. நமக்குக் கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால். இங்குக் கேடு தூசியிலிருந்து தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் சாலைப் புழுதி எழுந்து ஷட்டரின் இரு பக்கச் சேனல்களிலும் பட்டைகளின் மடிப்புகளிலும் படிகிறது. எதிர்சேவைக்குத் தல்லாகுளம் சாலைகள் மக்களால் நிறைந்துவிடும் நாட்களில் நம் வேன் வெளியே எடுக்கப்படுவதே இல்லை. அந்த ஓரிரு நாளுக்குப்பின் திறந்தாலே சேனலில் விரல் கனத்துக்குப் புழுதி இருக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகை. காலை நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வெறும் இரும்பின்மேல் பட்ட ஈரம் வெயில் வந்ததும் உலர்ந்துவிடும். தூசிக்குள் புகுந்த ஈரம் உலராது. கோடையில் சேர்ந்த புழுதி மழைக்காலத்தில் ஈரத்துணிபோல் இரும்பைப் போர்த்திக் கிடக்கிறது. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது தரைத்தள ஷட்டர்களின் அடிப்பட்டைகள் நீரில் நின்றன. இத்தகைய அடிப்பட்டையில்தான் பூட்டுத் துளையும் இருக்கிறது.

வெயிலுக்கும் ஒரு பங்குண்டு. மேற்குப் பார்த்த ஷட்டர் சித்திரைப் பிற்பகலில் கைவைக்க இயலாதபடி கொதிக்கும். பத்தடிப் பட்டை ஒன்று நாற்பது பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். சேனலில் புழுதி அடைத்திருந்தால் அந்த நீட்சிக்கு இடமில்லை. காலையில் எளிதாக ஏறிய ஷட்டர் அஸர் நேரத்தில் முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, செய்ய வேண்டியது. முதலாவது துடைப்பு. மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் சேனல்களை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். சேனலில் கிரீஸோ பழைய என்ஜின் ஆயிலோ பூசுவது நம் ஊரில் பரவலாகக் காணும் வழக்கம், அது கேடு. எண்ணெய் புழுதியைப் பிடித்துக் களிம்பாக்கி, உப்புத்தாள்போல் பட்டையின் ஓரங்களைத் தேய்க்கிறது. தேங்காயெண்ணெயும் அவ்வாறே. கிரீஸ் பேரிங்குக்கு உரியது. சேனலுக்கு ஏதேனும் வேண்டுமானால் சிலிகான் ஸ்பிரே மெல்லிய படலமாகப் போதும். துருப்பிடித்து இறுகிய பூட்டை விடுவிக்க விற்கும் ஸ்பிரேக்கள் அந்த வேலைக்கு மட்டும். அவை நீடித்த மசகு ஆகா.

பெயின்டில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண இரும்பு ஷட்டருக்குத் துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு பூசி, அதன்மேல் எனாமல் அடிக்கலாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷட்டரின்மேல் எனாமலை நேரே அடித்தால் ஓரிரு ஆண்டுகளில் தோல் உரிவதுபோல் உரியும். அதற்குரிய பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும். மேலும், தரை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அடிப்பட்டையைச் சேராதபடி பார்த்துக்கொள்வது நல்லது. மதரஸாக்களில் உளூச் செய்யும் இடத்து நீர் ஷட்டர் வாசல் வழியாக ஓடுவதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம்.

மாதம் ஒருமுறை, ஷட்டரைப் பாதி உயரத்தில் கையால் பிடித்து, மெல்லப் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். அடியில் எவரும் நிற்கலாகாது. நின்ற இடத்தில் நின்றால் ஸ்பிரிங் நலமாக இருக்கிறது. கீழே நழுவினாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வழக்கத்தைவிடக் கனத்தாலோ மெக்கானிக்கை அழையுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் எவரும் தாமாகத் தொடலாகாது. முறுக்கேறிய நிலையில் போல்ட்டைத் தளர்த்தினால் குழாய் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். மோட்டார் வைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கையால் தூக்குகிறவருக்குக் கனம் கூடுவது அன்றே தெரிந்துவிடும். மோட்டாரோ ஒன்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சிறு கிளைக்கதை. ரமலான் விடுமுறை முடிந்து கொட்டகையைத் திறக்கப் போனபோது, மேல்மூடியின் ஓரத்தில் மைனா கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார், நூல், ஒரு பாலித்தீன் துண்டு; உள்ளே பாதி இறகு முளைத்த குஞ்சுகள். ஷட்டரைச் சுருட்டினால் கூடு நசுங்கும். தாய்ப்பறவையின் தவிப்பைக் கண்டு குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்ன நபிகளாரின் (ஸல்) செய்தியை ஓதிக்கொடுக்கும் இடத்தில் வேறென்ன செய்ய இயலும்? பத்து நாட்கள் ஷட்டர் ஏறவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நாளும் வேன் இல்லை. பெற்றோரில் சிலர் முகம் சுளித்தனர். குஞ்சுகள் பறந்தபின் கூட்டை எடுத்துவிட்டு, மூடியின் இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்தோம்.

ஸ்பிரிங் முறிந்த செய்திக்கு வருவோம். செலவு யாருடையது என்று நிர்வாகக் கூட்டத்தில் பேச்செழுந்தது. மாணவர்களின் உணவுச் செலவே இழுபறியாக இருக்கிறது, கொட்டகை அடுத்த ஆண்டு வரை பொறுக்கட்டும் என்றார் ஒருவர். கடைகளின் ஷட்டரை வாடகைக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் இன்னொருவர். இரண்டும் கல்நெஞ்சத்தால் சொன்னவை அல்ல. கணக்குப் புத்தகம் அவர்களை அப்படிச் சொல்ல வைத்தது. ஆனால் ஹனஃபி ஃபிக்ஹில் இதற்கு விடை தெளிவாக இருக்கிறது. வக்ஃபின் வருவாய் முதலில் அவ்வக்ஃபைச் செப்பனிடுவதற்கே. வக்ஃபு செய்தவர் அதனை நிபந்தனையாக எழுதினாலும் எழுதாவிட்டாலும் அப்படியே. ஹிதாயா ஓதியவர்கள் இதனை அறிவர். வாடகைச் சட்டத்திலும், கட்டடத்தைப் பயன்படுத்தத் தக்கதாக வைப்பது உரிமையாளரின் கடமை. வாடகைக்காரரை அதற்கு வற்புறுத்த இயலாது. கம்பியால் நெம்பிக் கெடுத்தால் மட்டுமே அவர்மேல் பொறுப்பு வரும்.

இதனைச் சொன்னபோது எவரும் மறுக்கவில்லை. பணம் எங்கே என்று மட்டும் கேட்டனர். முடிவில், அம்மாதக் கடை வாடகையிலிருந்து கொட்டகையின் ஸ்பிரிங்குகள் நான்கும் மாற்றப்பட்டன. நான்கில் இரண்டை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் சமமாக இழுக்காமல் ஷட்டர் கோணும் என்று மெக்கானிக் சொன்னது நியாயமே. தையற்கடை நடத்தும் அம்மா சில மாதங்களாகப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டே ஷட்டரைத் தூக்கி வந்திருக்கிறார், அதுவும் சரிசெய்யப்பட்டது. மூன்றாவது கடையின் ஷட்டர் விடியற்காலையில் எழுப்பும் ஓசை இன்னும் தெருவையே எழுப்புகிறது. அங்கே உறங்கும் அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவர்களுக்கு நம்மீது உரிமை உண்டு. அது அடுத்த கூட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கு வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. மூடிய ஷட்டரில்தான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கிறது. இரண்டாண்டு மூடியே கிடந்தால் பட்டை பட்டையோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். சாவி வைத்திருக்கும் மாமாவிடமோ மச்சானிடமோ மாதம் இருமுறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வந்தால் முதல் திறப்பை மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள்.

அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு முதல் தயாராகும் தானியங்கி வீட்டுக் கராஜ் கதவுகள், இடையில் எதுவும் சிக்கினால் தாமே திரும்பி மேலேற வேண்டும் என்பது சட்டம். குழந்தைகள் அடியில் சிக்கி இறந்தபின் வந்த சட்டம் அது. அப்படித் தாமே நிற்கும் கதவுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் ஷட்டரும் நின்றுவிடும் என்றே நினைப்பார்கள். கையால் இழுக்கும் ஷட்டர் நிற்காது என்பதை, பெட்டியைப் பிரிக்குமுன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.