இடுப்பு வலிக்கு ஊசியா?

தில்லை நகர் பத்தாவது கிராஸில், டாக்டரைப் பார்க்க டோக்கனோடு உட்கார்ந்திருந்தோம். "ஊசி போட்டா ரெங்கநாதர் கோயிலுக்கு நடந்தே போகலாமாப்பா?" என்று கேட்டார் அம்மா. மடியில் எம்ஆர்ஐ கவர்.

டிஸ்க் பிதுங்கி, கால்வரை சுண்டி இழுக்கும் புதிய, கடும் நரம்பு வலிக்கு முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் ஆறுதல் தரலாம். வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கு? பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2016-லேயே வேண்டாம் என்றது. 2025-ல் பிஎம்ஜே மருத்துவ இதழின் வழிகாட்டுதலும் அதையே அழுத்திச் சொன்னது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை எகிறும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அதை நாங்களாகச் சொல்லும்வரை யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஊசிக்குப் பதிலாக அம்மாவுக்கு இப்போது பிசியோதெரபியும் நடையும்தான்.

உங்கள் வீட்டிலும் ஊசி என்றால், எந்த வலிக்கு, எத்தனை நாளுக்கு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.