பெயரைத் தாங்கும் ஒரு கிளை



சேலத்தின் வடக்கே எழும் சேர்வராயன் மலை நம் சமவெளி மக்களுக்கு அன்றாடக் காட்சி. அதன் பெயரையே தாங்கிய சிறு மரம் ஒன்று அங்கே வளர்கிறது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மரத்திற்கு, ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள் என்னும் தாவரவியலாளர் 'வெர்னோனியா சேர்வராயென்சிஸ்' என்று பெயரிட்டார். நம்மில் அதனை அறிந்தவர் மிகச் சிலரே.

இன்று ஒரு காட்டுச் செடிக்குப் புதுப் பெயர் சூட்ட, விவரித்து எழுதினால் மட்டும் போதாது. பூவும், கூடுமானால் காயும் உள்ள கிளையொன்றை உலர்த்தித் தாளில் ஒட்டி, சேகரித்த இடத்தையும் நாளையும் குறித்து, கோயம்புத்தூரிலுள்ள மதராஸ் ஹெர்பேரியம் போன்ற காப்பகத்தில் வைக்கவேண்டும். அதனை 'டைப்' மாதிரி என்பர். 1958 முதல், டைப்பைச் சுட்டாத புதிய இனப்பெயர் செல்லாது.

அந்த மாதிரி இனத்திலேயே சிறந்ததாக இருக்கவேண்டும் என்ற விதி இல்லை. பூச்சி அரித்த இலையும் அதில் இருக்கலாம். பின்னாளில் விவரிப்பில் பிழை கண்டால், விவரிப்பே திருத்தப்படும். ஓரினம் என்று எண்ணியது இரண்டு எனத் தெரியவந்தால், டைப் எப்பக்கம் சேருகிறதோ அப்பக்கமே பழைய பெயர் செல்லும். 1943 மார்ச்சில் பெர்லின் காப்பகம் குண்டுவீச்சில் எரிந்தது. ஆயினும், முன்னரே பிற இடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த இணை மாதிரிகளிலிருந்து பல பெயர்களுக்கு வேறு டைப் தெரிந்தெடுக்கப்பட்டது. தாள் சாம்பலானது, பெயர் நிலைத்தது.

உங்களைக் குறித்தும் ஊரார் ஒரு விவரிப்பு எழுதி வைத்திருக்கலாம். தேறாத பிள்ளை, பிள்ளையில்லாதவள், கடனாளி என்று வீட்டிலேயே அது சொல்லப்படலாம். பல ஆண்டுகள் கேட்டபின், அதுவே நம் பெயர் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் ஏசாயா 43ஆம் அதிகாரத்தில், தேவன் நொறுங்கிய ஒரு ஜனத்தைப் பெயர்சொல்லி அழைத்து, தமக்குரியவர்கள் என்கிறார். அக்கினியின் நடுவிலும் அவர்களைக் காப்பதாக வாக்களிக்கிறார். அவர்களுடைய சிறப்பைக் கண்டு அல்ல, தம் அன்பினாலேயே அப்படி அழைத்தார். மனிதர் எழுதிய விவரிப்பு திருத்தப்படக்கூடியது. அவர் இட்ட பெயர் மாறாது.

நம் கடமையும் ஒன்றுண்டு. பெயரிடுகிறவர் செடியண்டை குனிந்து, இலையையும் பூவையும் பொறுமையாய் ஆராய்ந்த பின்பே எழுதுகிறார். நாமோ அயலாரைத் தூரத்தில் நின்றே எழுதி முடிக்கிறோம். இவ்வாரம், நாள்தோறும் காணும் ஒருவரை, தெரு கூட்டும் சகோதரியையோ பாரம் சுமக்கும் ஐயாவையோ, நின்று பெயர் கேட்டறியுங்கள். அடுத்த முறை அப்பெயரைச் சொல்லி அழையுங்கள்.

எங்களைப் பெயர்சொல்லி அழைத்த ஆண்டவரே, பிறரை உமது கண்களால் காண எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.