இரண்டு எஸ்

ஒரகடத்தில் பெண் வீட்டுக்கு வந்ததிலிருந்து, மாடியில் நின்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளை எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்கு. ஒரு நாள் பேத்தி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, "கன்டெய்னர்ல டெஸ்ட் ஓடுது தாத்தா" என்றாள். நான் சாலையை எட்டிப் பார்த்தேன். சிரித்துவிட்டாள்.

இங்கே உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேட்டில் லாரிகளைப் பதிய அவள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். வீட்டில் சோதித்தபோது எல்லாம் சரி. கேட்டில் போட்ட முதல் ராத்திரியே, காவலாளி வண்டி எண்ணைச் சிறிய எழுத்தில் அடிக்க, 'அப்படி வண்டியே இல்லை' என்றது. டிரைவர் விடியும்வரை ரோட்டோரம் கிடந்தாராம். அவள் சோதித்தது எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில். அதில் 'லைக்' போட்டுத் தேடினால் ஆங்கிலத்தில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து பேதம் பார்க்காது. தொழிற்சாலையில் இருந்த போஸ்ட்கிரஸ் பார்க்கும்.

இப்போது நிஜ போஸ்ட்கிரஸை ஒரு கன்டெய்னரிலும் தன் புரோகிராமை இன்னொன்றிலும் வைத்து, இரண்டையும் பேசவிட்டுச் சோதிக்கிறாள். கன்டெய்னர் என்றால், புரோகிராமோடு அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பெட்டி. சோதனையில் தேறிய அதே பெட்டிதான் கேட்டுக்குப் போகும். சோதனைக்கான டேட்டாபேஸ் பெட்டியை மட்டும் முடிந்ததும் அழித்துவிடுவாள். அடுத்த தடவைக்குப் புதிது. இதற்கான டாக்கர் 2013-இல் வெளிவந்தது, தொடங்கிய சாலமன் ஹைக்ஸ் பிரான்சில் வளர்ந்தவர் என்றாள். பிரெஞ்சில் படித்தவனுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

எனக்கு இது உடனே புரிந்ததற்குக் காரணம் வேறு. புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு அம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியத் தாள் தயாரித்தேன். இறந்த கணவர் பெயர் ராமசாமி. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவில் நடுவே இரண்டு எஸ். ஒன்று போட்டால் பிரெஞ்சில் இசட் ஒலி வந்துவிடும். ரேஷன் கார்டில் ஒரே எஸ். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள்தான். என் மேஜைப் பேரேட்டோடு மட்டும் ஒத்துப் பார்த்து அனுப்பினேன். பணம் கொடுக்கும் இடத்தில் வேறு ஆள் என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் பேரேட்டை நான் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். நடந்தே போகிற தூரம். அந்த அம்மாள் ஐந்து மாதம் அலைந்தார். என்னிடம் ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை.

பேத்தியிடம் சொன்னேன். "கேட்ல டிரைவர் பேரும் பதியறோம் தாத்தா. இதுக்கும் ஒரு டெஸ்ட் எழுதிடறேன்" என்றாள். இரண்டு எழுத்துக்கூட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.