மானெக்‌ஷா குடியிருந்த மலை

குன்னூரை விட்டு ஊட்டிப் பக்கம் கிளம்பும் மலைரயிலுக்கு அடுத்த நிலையம் வெலிங்டன். மலைச்சரிவில் நீள நீளமான பேரக்ஸ் கட்டடங்கள், அணிவகுப்பு மைதானம், ஒட்ட வெட்டிய தலையோடு காலையில் வரிசையாக ஓடும் பையன்கள். அதற்கடுத்த நிலையமான அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. பட்டாளத்தைச் சுற்றியே வளர்ந்த ஊர் இது.

படுகர் கிராமமான ஜெகதளாவின் பெயரைச் சொல்லித்தான் வெள்ளைக்காரர்கள் முதலில் இந்த இடத்தை அழைத்தார்கள். 1850களில் பேரக்ஸ் எழும்பியது. பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரபு ஆர்தர் வெல்லெஸ்லியாக இருந்த காலத்தில், 1803இல் மராத்தியரை எதிர்த்து அசாயேயில் போரிட்டபோது, அவர் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் நிற்கும் யானை அந்தப் போரின் நினைவு. ஊரின் பெயரும் ரெஜிமெண்டின் யானையும் ஒரே போர்க்களத்திலிருந்து வந்து இங்கே சேர்ந்திருக்கின்றன.

அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையத்தைத்தான் ஊர்க்காரர்கள் எம்.ஆர்.சி. என்கிறார்கள். பயிற்சி முடிக்கும் பையன்கள் கீதை, பைபிள், குர்ஆன் முன்னிலையில், வாயில் உப்பிட்டு, தேசியக்கொடி சாட்சியாகச் சத்தியப்பிரமாணம் எடுப்பார்கள். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று எங்கெங்கிருந்தோ பெற்றோர் வந்து அதைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். முப்படை அதிகாரிகளும் படிக்கிற ஸ்டாஃப் காலேஜும் இங்கேதான்.

சாம் மானெக்‌ஷா இந்த ஊருக்கு வந்தது அந்தக் கல்லூரியின் தலைமை அதிகாரியாக. 1914இல் அமிர்தசரஸில் பிறந்த பார்சிக்காரர். 1942இல் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் உடம்பெல்லாம் குண்டு பாய்ந்து, பிழைக்க மாட்டார் என்று நினைக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் மேல் வெலிங்டனில் இருந்தபோது ஒரு விசாரணை வந்தது. அலுவலகச் சுவரில் பழைய ஆங்கிலேய ஆட்சியாளர்களின் படங்களை மாட்டியிருக்கிறார், வாய்க்கு வந்தபடி பேசுகிறார், தேசப்பற்று இல்லாதவர் என்றெல்லாம் குற்றச்சாட்டு. ராணுவ அமைச்சர் கிருஷ்ண மேனனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். விசாரித்த அதிகாரி குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். 1962 சீனப் போரில் நிலைகுலைந்த படைப்பிரிவைத் தூக்கி நிறுத்த, அதே மனிதரைத்தான் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நாடறிந்த கதை. 1971 ஏப்ரலிலேயே கிழக்கு வங்கத்துக்குள் இறங்கலாமா என்று ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த அவரிடம் இந்திரா காந்தி கேட்டபோது, மழைக்காலம் முடியட்டும், இப்போது போனால் தோற்போம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போர் 13 நாளில் முடிந்தது; 93,000 பேர் கைதானார்கள். சுவரில் மாட்டிய படத்துக்காக அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அந்த ஏப்ரலில் பிரதமருக்கு மறுப்புச் சொல்ல யார் இருந்திருப்பார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அதே மாதம் பொறுப்பிலிருந்து விடைபெற்றார். டெல்லியிலோ பம்பாயிலோ தங்கியிருக்கலாம். தன்னைக் கூண்டில் ஏற்றிய ஊருக்கே திரும்பி வந்தார். குன்னூரில் 'ஸ்டாவ்கா' என்று பெயரிட்ட வீட்டில் மனைவி சிலூவோடு குடியிருந்தார். போர்க்கால ரஷ்யாவின் படைத் தலைமையகத்துக்கு வழங்கிய பெயர் அது. முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த மலைதான் அவருக்கு வீடு.

ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பதே கிடையாது. கடைசி வரை முழுச் சம்பளம் உண்டு. ஆனால் அந்தச் சம்பளத்தில் அவருக்குத் தராமல் விட்ட நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை, அவர் கைக்கு வந்தது 2007இல், அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது. அப்போது அவருக்கு வயது 90ஐத் தாண்டி, உடல் தளர்ந்திருந்தது. நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷலுக்கே இத்தனை ஆண்டு என்றால், பென்ஷன் தாளோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் ஹவில்தாரின் கதையை யார் கேட்பார்?

2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். வயது 94. ஊட்டி பார்சி மயானத்தில், 2001இல் மறைந்த மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம். டெல்லியிலிருந்து ராணுவ இணையமைச்சர் வந்தார். குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, ராணுவ அமைச்சரும் வரவில்லை. அந்தக் குறையை எந்த விளக்கத்தாலும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

குன்னூர் – ஊட்டிச் சாலையில் ஒரு பாலத்துக்கு 2009இல் அவர் பெயரை வைத்தார்கள். அருகே கருங்கல் சிலையும் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களுக்கு டாக்கா வெற்றி ஞாபகம் வரும், வரட்டும். எனக்கு, விசாரணை முடியும்வரை தலைகுனியாமல் ஸ்டாஃப் காலேஜை நடத்திக்கொண்டிருந்தவர்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்.