தனி எர்த் போட்டவன் நான்

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் மின் பராமரிப்பு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒரு ஹெல்பர் பையனுக்கு ஷாக் அடித்தது. உயிர் தப்பினான். ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை சரியாக மடங்குவதில்லை. விபத்து அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

புதிதாக ஒரு சி.என்.சி. மெஷின் வந்திருந்தது. அதை நிறுவ வந்தவர், "கன்ட்ரோலருக்குத் தனி எர்த் வேணும் சார். மெயின் எர்த்தோட சேர்த்தீங்கன்னா கார்டு போயிடும், அப்புறம் எங்களைக் கேக்காதீங்க" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. எர்த் என்றால் குழிதான், குழி நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று கேட்டே தொழில் பழகியவன் நான். கொட்டகைக்குப் பின்னால் கரிசல் மண்ணில் மூன்று குழி வெட்டினேன். ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்றையும் இணைத்தேன். எர்த் டெஸ்டர் 2 ஓம் காட்டியபோது பெருமையாக இருந்தது.

மெஷின் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது விதி. இரண்டு பட்டை இழுத்தேன். இரண்டையும் அந்தக் குழிகளுக்கே கொண்டுபோனேன். தொழிற்கூடத்தின் பொது எர்த்தோடு சேர்க்கவில்லை. கேபிளின் ஆர்மர் வழியாகக்கூட அந்தத் தொடர்பு வந்துவிடக் கூடாது என்று, மெஷின் பக்கம் ஆர்மரை வெட்டி டேப் சுற்றினேன். எர்த்திங்குக்கான தரநிலை ஐ.எஸ். 3043-இன் 1987 பதிப்பு என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. குழாய் நீளமும் பிளேட் அளவும் இருக்கும் பக்கங்களைத் தாண்டி நான் படித்ததில்லை.

அந்த 2 ஓமை வைத்து அன்றைக்கே ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து ஓம் விதி போதும். லைன் பாடியில் பட்டால், கரண்ட் என் குழி வழியாக மண்ணில் இறங்கி, ட்ரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலின் குழி வழியாகத் திரும்ப வேண்டும். என் குழி 2 ஓம், நியூட்ரல் பக்கம் 1 ஓம், மொத்தம் 3. 240 வோல்ட்டை 3-ஆல் வகுத்தால் 80 ஆம்பியர். அந்த மெஷினுக்கு மெயின் பேனலில் இருந்தது 100 ஆம்பியர் ஃபியூஸ். 80 ஆம்பியரை அது நாள் முழுக்கத் தாங்கும். ஃபியூஸ் போகாது, மெஷினின் பாடி மண்ணைவிட 160 வோல்ட் உயரத்தில் நிற்கும்.

பக்கத்தில் பொது எர்த்தோடு சேர்ந்த இரும்பு ஏதாவது இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பொது எர்த், நியூட்ரலோடு கட்டப்பட்டது. ஆகவே அந்த இரும்புக்கும் மெஷினுக்கும் நடுவே முழு 240 வோல்ட் இருக்கும். இரண்டையும் ஒருவன் ஒரே நேரத்தில் தொட்டால் அவன் உடம்புதான் ஒயர். பிடித்ததை விட முடியாமல் கை இறுகிப்போக, ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கை ஒட்டிய கரண்டே போதும்.

இந்த அமைப்பில் ஆளைக் காப்பாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: எர்த் லீக்கேஜ் ரிலே. கேபிள் வழியே போன கரண்ட் முழுதாகத் திரும்பவில்லை என்றால், ஃபியூஸுக்குத் தெரியாததை அது கண்டுபிடித்துவிடும். 300 மில்லிஆம்பியரில் வைத்த ரிலே 80 ஆம்பியரைக் கண்ட கணத்தில் சப்ளையை வெட்டியிருக்கும். ஆனால் அந்த ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. டிரைவில் இருக்கும் ஃபில்டர் எப்போதும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். அதற்கேற்ற வகை ரிலேயை வாங்கி, சரியான அளவில் வைத்திருக்க வேண்டும். நான் பேனலைத் திறந்து, ரிலேயிலிருந்து ட்ரிப் காயிலுக்குப் போகும் மஞ்சள் ஒயரைக் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றி மடக்கி வைத்தேன். ரிலேயின் விளக்கு வழக்கம்போல எரிந்தது. பார்ப்பவர்களுக்குக் காவல் இருப்பதாகத் தோன்றும். உற்பத்தி நிற்கவில்லை. என்னை எல்லோரும் பாராட்டினார்கள்.

மெஷின் பேனலுக்குள் நுழையும் இடத்தில் தகட்டு விளிம்பு கூர்மையாக இருந்தது. அதிர்வில் உரசி உரசி ஒரு ஃபேஸின் இன்சுலேஷன் தேய்ந்து, ஒரு நாள் செம்பு தகட்டில் பட்டது. அந்த நேரத்தில் ஹெல்பர், பொது எர்த்தோடு சேர்ந்திருந்த ஹாய்ஸ்ட்டின் கொக்கியை ஒரு கையில் பிடித்தபடி மெஷின் டேபிளில் மறு கையை வைத்தான். ஆபரேட்டர் எமர்ஜென்சி பட்டனை அடித்தார். பயனில்லை; பழுது ஐசோலேட்டருக்கும் முன்னால் இருந்தது. பக்கத்து மெஷின்காரர் பேக்கிங் பலகை ஒன்றை எடுத்துக் கொக்கியைத் தட்டிவிட்டதால் அவன் பிழைத்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழியில் ஊற்றியிருந்த தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் அப்படியே இருந்தது.

அன்றிரவு யாரும் பார்க்குமுன் டேப்பைப் பிரித்து மஞ்சள் ஒயரைப் பழைய இடத்தில் மாட்டினேன். காலையில் அறிக்கை எழுதினேன். கையுறை போடவில்லை, கை ஈரமாக இருந்தது, கவனக்குறைவு. அதை வைத்து அவன் மருத்துவமனையில் கிடந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். கவனமில்லாதவன் என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. வேலையைத் தப்பாகச் செய்தது அறியாமை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமிருக்கலாம். ஒயரைத் திரும்ப மாட்டியதற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது.

வெகு காலம் கழித்தே அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பவே சொல்லியிருந்தா வேலைய விட்டிருக்க மாட்டேனே அண்ணா" என்றான். என்னிடம் பதில் இல்லை. பிறகு முதலாளியிடமும் சொல்லி, அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். பிடித்த சம்பளம் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. விரல்கள் திரும்பவில்லை.

விபத்துக்குப் பிறகு செய்த சீர்திருத்தம் வெகு சுலபமானது என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. மெஷின் பாடியிலிருந்து பொது எர்த் பாருக்கு ஒரு ஜி.ஐ. பட்டை இழுத்தோம். ஆர்மரை இரண்டு முனையிலும் உலோகக் கிளாண்டில் கட்டினோம். இப்போது பழுதுக் கரண்ட் மண்ணை நம்பி இல்லை. உலோகத்தின் வழியாகவே நியூட்ரலுக்குத் திரும்பும். போய்த் திரும்பும் அந்தச் சுற்றுக்கு 0.2 ஓம் என்றால் 1,200 ஆம்பியர் பாயும்; அதே 100 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு நொடிக்குள் எரிந்து சப்ளையைத் துண்டிக்கும். பக்கத்து இரும்பும் மெஷினும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், அந்த ஒரு நொடியிலும் ஆபத்து பெருமளவு குறையும். கன்ட்ரோலர் கார்டுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

குழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடி மின்னலுக்கும், நியூட்ரலை நிலைநிறுத்தவும் குழி வேண்டும். ஆனால் 415 வோல்ட் லைனில் பழுது வந்தால் ஃபியூஸை எரியவைப்பது குழியின் ஓம் கணக்கு அல்ல, பாடியிலிருந்து நியூட்ரல் வரைக்கும் அறுபடாமல் போகும் உலோகம்.

உங்கள் தொழிற்கூடத்தில் 'தனி எர்த்' என்று ஒன்று இருந்தால் நாளைக்கே அதைப் பொது எர்த்தோடு சேருங்கள். குழியை அளந்து பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மெஷினிலும் லூப் இம்பீடன்ஸ், அதாவது கரண்ட் போய்த் திரும்பும் சுற்றின் ஓம், அளந்து, அந்த ஃபியூஸ் எரியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிலேயின் விளக்கை நம்பாதீர்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தி, பிரேக்கர் உண்மையிலேயே விழுகிறதா என்று பாருங்கள். எங்கேனும் ஒயர் கழன்றிருந்தால், கழற்றியது நீங்களாகவே இருந்தாலும், மாட்டுவதற்கு முன் மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.